பகல்ல பிள்ளை தூங்க மாட்டேங்குதா? கேஎல் (கோலாலம்பூர்) அம்மாங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

பிறந்ததுலேர்ந்து ஒரு 6, 7 மாசம் வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட பகல் தூக்கத்த பத்தி மட்டும்தான் இது, ராத்திரி தூக்கம் வேற கதை, அத இதுல கலக்கல. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் பக்கம் உள்ள அம்மாங்க என்கிட்ட திரும்ப திரும்ப கேக்குறதத்தான் ஒண்ணா போட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல, மூணு பிள்ளைய வளத்தவ. குறை மாசத்துல பிறந்த பிள்ளை, மூச்சுல இருதயத்துல ஏதாவது பிரச்சனை உள்ள பிள்ளைன்னா உங்க டாக்டர் சொல்றதுதான் முதல்ல.

பகல்ல மொத்தம் எத்தன மணி நேரம் தூங்கணும்?

பகலுக்குன்னு தனி கணக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது, 3 மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமா 14-லேர்ந்து 17 மணி நேரம், 4 மாசத்துலேர்ந்து 11 மாசம் வரைக்கும் 12-லேர்ந்து 16 மணி நேரம், பகல் தூக்கமும் சேத்துதான். பாத்தீங்களா, அவங்க சொல்றதுலயே எவ்வளவு இடைவெளி இருக்குன்னு. நாத்தனார் பிள்ளை மத்தியானம் 3 மணி நேரம் தூங்குது, எம்பிள்ளை தூங்கலன்னு ஒப்பிட்டு அழாதீங்க. பால் நல்லா குடிக்குதா, கிளினிக்ல எடை போட்டா ஏறுதா, முழிச்சிருக்கறப்ப முகம் தெளிவா இருக்கா, இந்த மூணும் சரின்னா உங்க பிள்ளைக்கு தேவையான தூக்கம் கிடைக்குது.

தூக்கம் வருதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அழுதாதானே தெரியும்?

இங்கதான் முக்கால்வாசி வீட்டுல சிக்கல். அழுகை கடைசி கட்டம், அதுக்கு முன்னாடியே நேரம் தாண்டிடுச்சி. களைச்சி போன பிள்ளை நாம நெனைக்கிற மாதிரி பட்டுன்னு தூங்காது, முறுக்கிக்கும், முதுக வளைச்சி கத்தும், பால் குடுத்தாலும் தள்ளும், உடனே வீட்டுல உள்ளவங்க பால் பத்தல, வயித்து வலி, திருஷ்டின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஆனா பாவம் அது ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே தூங்கியிருக்க வேண்டிய பிள்ளை.

அதனால தொட்டில், பாட்டு, திரைச்சீலை எல்லாத்துக்கும் முன்னாடி நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், எத்தன மணிக்கு கண்ணு முழிச்சிது? முதல் ரெண்டு மாசம் தொடர்ந்து முழிச்சிருக்கிறது முக்கால் மணி, மிஞ்சினா ஒரு மணி நேரம்தான் தாங்கும். 3 மாசம் வாக்குல ஒன்னரை மணி, 4, 5 மாசத்துல ஒன்னரையிலேர்ந்து ரெண்டு மணிக்கு கொஞ்சம் மேல, 6 மாசத்துக்கு மேலதான் ரெண்டரை மூணு மணி. பிள்ளைக்கு பிள்ளை கொஞ்சம் கூட குறைய இருக்கும். கண்ணு முழிச்ச நேரத்துலேர்ந்து எண்ணணும், பால் குடிக்கிற நேரமும் இதுலதான் சேரும். 6 வார பிள்ளை 9 மணிக்கு முழிச்சா, பால் அரை மணி, ஏப்பம் விட வைக்க பத்து நிமிஷம், பேம்பர்ஸ் மாத்தி முகம் தொடைக்க பத்து நிமிஷம், அவ்வளவுதான், திரும்ப படுக்க வைக்கிற நேரம் வந்துடுச்சி. வெளாட்டு காட்ட நேரமே இல்ல.

கடிகாரத்தோட சேத்து பிள்ளை முகத்தையும் பாருங்க. நல்லா உதைச்சிக்கிட்டிருந்த காலு நின்னுடும். கண்ணு ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும், நீங்க சிரிச்சா முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கும். புருவத்துக்கு மேல லேசா செவப்பேறும், கொஞ்சம் வெளுத்த நிறம்னா நல்லாவே தெரியும். கொட்டாவி, காதை இழுக்குறது எல்லாம் இதுக்கு பிறகு. அந்த குத்திட்ட பார்வைய பாத்த உடனே எழுந்துடுங்க, அதுதான் நேரம்.

மார்ல தூங்குது, கீழ போட்ட உடனே முழிச்சிக்குது, என்ன செய்றது?

கைக்குழந்தை தூங்க ஆரம்பிச்ச முதல் 15, 20 நிமிஷம் ஆழ்ந்த தூக்கம் இல்ல. கண்ணிமைக்குள்ள முழி உருளும், வாய் சிரிக்கும், மூச்சு ஏறி இறங்கும். அந்த நேரத்துல போட்டா முழிக்கத்தான் செய்யும். கைய தூக்கி விட்டு பாருங்க, துணி மாதிரி தொப்புன்னு விழுந்தா ஆழத்துக்கு போயிடுச்சின்னு அர்த்தம், அப்ப போடுங்க. போடறப்ப முதல்ல காலு, பிறகு புட்டம், முதுகு, கடைசியா தலை. தலைய முதல்ல இறக்கினா கீழ விழற மாதிரி உணர்ந்து ரெண்டு கையையும் விரிச்சி துடிக்கும், அது 4, 5 மாசம் வரைக்கும் இருக்கிற இயல்பான அனிச்சை. போட்ட பிறகு உடனே கைய எடுக்காதீங்க, ஒரு உள்ளங்கைய நெஞ்சு மேல லேசா வெச்சி ரெண்டு நிமிஷம் அப்படியே நில்லுங்க.

அந்த துடிப்புக்காக மெல்லிசு பருத்தி துணியில சுத்தறது நல்லா உதவும், மலாய்க்காரங்க பெடோங்னு சொல்றது. ஆனா இடுப்புக்கு கீழ தளர்த்தியா இருக்கணும், காலு ரெண்டும் தவளை மாதிரி மடங்கி விரியணும், நேரா நீட்டி இறுக்கி கட்டினா இடுப்பு மூட்டு விலகிற ஆபத்து இருக்கு. பிள்ளை புரள முயற்சி பண்ண ஆரம்பிச்ச அன்னிக்கே சுத்தறத நிறுத்திடணும், சில பிள்ளைங்க 3 மாசத்துலயே ஆரம்பிச்சிடும். நெஞ்சு மேல பச்சைப்பயறு தலகாணி வைக்கிற பழக்கம் இங்க நெறைய வீட்டுல இருக்கு, தயவு செஞ்சி வேணாம். அந்த பாரம் மூச்ச அமுக்கும், நழுவி முகத்துக்கு வந்தா பிள்ளையால தள்ள முடியாது.

தூக்கி தூக்கியே கைப்பழக்கம் ஆக்கிட்டன்னு மாமியார் சொல்றாங்க, உண்மையா?

3, 4 மாசத்துக்கு கீழ உள்ள பிள்ளைய தூக்கி கெடுக்க முடியாது. அம்மா உடம்பு சூட்டுல தூங்குறது அதுக்கு இயற்கை. உங்களுக்கு அது கஷ்டமா இல்லன்னா தாராளமா வெச்சிக்கோங்க, கஷ்டமா இருந்தா ஒரு நாளைக்கு ஒரே ஒரு தூக்கத்த மட்டும் படுக்கையில போட்டு பாருங்க, காலையில முதல் தூக்கம்தான் இருக்கிறதுலயே சுலபம். மத்தத கையிலயே தூங்கட்டும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. பிள்ளைய நெஞ்சுல போட்டுக்கிட்டு நீங்க சோபாவுல கண்ணசந்துடாதீங்க. சோபா இடுக்குல பிள்ளை சிக்கி மூச்சு முட்டுறது கட்டில விட பல மடங்கு ஆபத்து. கண்ணு சொக்குதுன்னா வீட்டுக்காரர எழுப்பி குடுங்க, ஆளில்லன்னா பிள்ளைய கட்டில்ல மல்லாக்க போட்டுட்டு நீங்க படுங்க, அழுதாலும் பரவால்ல.

ஸ்பிரிங் தொட்டில்ல போடலாமா? எங்க வீட்டுல எல்லாரும் அதுலதான் வளந்தோம்.

இதுக்கு நீட்டாத்தான் பதில் சொல்லணும். ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்ட விடியறதுக்கு முன்னாடி போன நம்ம பாட்டிங்க, பிள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு போனாங்க, அங்க வரிசையா சேலைத் தொட்டில் தொங்கும், ஒரு ஆயா ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. அந்த தொட்டில்தான் பட்டணத்துக்கு வந்து ஸ்பிரிங் தொட்டிலா, மலாய்ல சொல்ற புவாயானா மாறி, இப்ப மோட்டார் வெச்சி தானா ஆடுது. அதனால தொட்டில குறை சொன்னா பாட்டிய குறை சொல்ற மாதிரி வீட்டுல கோவம் வருது, எனக்கு அது புரியுது. ஆனா அந்த ஆயா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. இப்ப மோட்டார போட்டுட்டு நாம சமைக்க போயிடுறோம், அதுதான் வித்தியாசம்.

பிரச்சனை ஆட்டுறதுல இல்ல, துணி வளையறதுல. வளைஞ்ச துணியில படுத்தா பிள்ளையோட தாடை நெஞ்சுல போயி முட்டும். கைக்குழந்தையோட மூச்சுக்குழாய் ரொம்ப சின்னது, தாடை மடங்கினா அது ஒடுங்கிடும், தலைய தூக்கி சரி பண்ணிக்க அதுக்கு கழுத்து பலம் கிடையாது, சத்தமும் வராது. பக்கவாட்டுல புரண்டா முகம் துணியில புதையும். இதே காரணத்துக்காகத்தான் 2022-ல அமெரிக்காவுல 10 டிகிரிக்கு மேல சாஞ்ச படுக்கைய பிள்ளை தூங்கறதுக்குன்னு விக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க.

என் முடிவு, தூங்க வைக்க தட்டையான கெட்டி மெத்தைதான் நல்லது, பகலுக்கும் அதேதான். இல்ல, எங்க வீட்டுல தொட்டில் இல்லாம நடக்கவே நடக்காதுன்னா, அழுகைய அமத்த மட்டும் போட்டு ஆட்டுங்க, பெரியவங்க ஒருத்தர் கண்ணெடுக்காம பக்கத்துல இருக்கட்டும், தூங்கின உடனே எடுத்து மெத்தையில போட்டுடுங்க. ஆட்டம் மெதுவா இருக்கணும், மேலயும் கீழயும் குதிக்கிற அளவுக்கு வேணாம். கொக்கி, ஸ்பிரிங்குக்குள்ள உள்ள பாதுகாப்பு கயிறு, ஸ்டாண்டோட ஸ்க்ரூ எல்லாத்தையும் வாரா வாரம் பாருங்க. பிள்ளை புரள ஆரம்பிச்சிட்டா தொட்டிலுக்கு விடை குடுத்துடுங்க. படுத்த வாக்குல பால் போத்தல துணியால முட்டுக்கொடுத்துட்டு போறது மட்டும் எந்த வயசுலயும் கூடவே கூடாது.

இன்னொண்ணு, தொட்டில் கட்ட அலமாரியிலேர்ந்து எடுக்கிற பழைய சேலையில அந்துருண்டை வாடை இருக்கும். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ரத்தத்துல ஒரு நொதி குறைவா இருக்கிறது) உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை ரத்தத்த உடைச்சி மஞ்சள் காமாலைய ஏத்தி விட்டுடும், அதனாலதான் இங்க ஆஸ்பத்திரியில பிறந்த உடனே அந்த டெஸ்ட் எடுக்கிறாங்க. வாங்கி வெச்சிருக்கிற பழைய சட்டை, போர்வைக்கும் இதேதான். அந்துருண்டை போட்டு வெச்சத அந்த பிள்ளை பக்கத்துலயே கொண்டு வராதீங்க, தொவைச்சிட்டா சரியாயிடும்னு நம்பாதீங்க.

மல்லாக்க போட்டா பால் பொறையேறாதா? பாட்டி குப்புற போட சொல்றாங்க.

குப்புற போட்டா பிள்ளை நல்லா தூங்கும், அது உண்மை, ஆனா அந்த அளவுக்கு அசையாம தூங்குறதே ஆபத்து, மூச்சு தடைபட்டா முழிச்சிக்கிற உணர்வு மழுங்கிடும். பொறையேறுற பயத்துக்கு பதில் உடம்பு அமைப்புலயே இருக்கு. மல்லாக்க படுத்தா மூச்சுக்குழாய் மேல, உணவுக்குழாய் கீழ. பால் எதுக்களிச்சி வந்தா அது மூச்சுக்குழாய்க்கு மேடேறித்தான் போகணும், அதனால திரும்ப முழுங்கிடும் இல்ல வாய் வழியா வந்துடும். குப்புற படுத்தா இது தலைகீழ், பால் நேரா மூச்சுக்குழாய் வாசல்ல வந்து நிக்கும். 1994-ல அமெரிக்காவுல மல்லாக்க போடுங்கன்னு நாடு முழுக்க சொல்ல ஆரம்பிச்சி, பத்து வருஷத்துல தூக்கத்துலயே திடீர்னு இறந்து போற பிள்ளைங்க எண்ணிக்கை பாதியா குறைஞ்சிது. பாட்டிகிட்ட சண்ட போடாம இத சொல்லி பாருங்க, கிளினிக் மிஸ்ஸி, அதான் நர்ஸ்கிட்ட கூட்டிட்டு போயி அவங்க வாயால கேக்க வெச்சா இன்னும் நல்லது.

பால் குடிச்ச பிறகு 15, 20 நிமிஷம் தோள்ல நிமித்தி வெச்சிருந்துட்டு போடுங்க, போதும்.

தலை தட்டையாயிடாதா? கடுகு தலகாணி வைக்கலாமா?

ஒரு வயசுக்கு கீழ எந்த தலகாணியும் வேணாம், கடுகு, இலவம்பஞ்சு, நடுவுல குழி உள்ள கடைத் தலகாணி எதுவுமே. ஒவ்வொரு தூக்கத்துக்கும் தலைய பக்கம் மாத்தி வைங்க, முழிச்சிருக்கறப்ப கொஞ்ச நேரம் உங்க கண்ணு முன்னாடி குப்புற போட்டு வெளாட விடுங்க. லேசான தட்டை பெரும்பாலும் உக்கார ஆரம்பிச்ச பிறகு தானா சரியாகும். ஒரே பக்கமா மட்டும் தலைய திருப்புதுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஏர்கோன் போடலாமா, சளி புடிக்காதா?

நம்ம ஊரு மத்தியானம் 32, 33 டிகிரி, அதுல சாக்ஸ், கையுறை, குல்லா, மேல பிளேங்கட் எல்லாம் போட்டு வெச்சா பிள்ளை வெந்து போயிடும். சூடு ஏறினா தூக்கமும் கெடும், ஆபத்தும் கூடும். ஏர்கோன் 25, 26-ல வெச்சி காத்து நேரா முகத்துல படாம திருப்பி விடுங்க. ஏர்கோன் இல்லன்னா காத்தாடிய சுவத்து பக்கமா திருப்பி வைங்க. கை கால் சில்லுன்னு இருக்கிறது சகஜம், அத பாத்து போர்த்தாதீங்க, பிடரிய தொட்டு பாருங்க. வேர்த்திருந்தா ஒரு துணிய கழட்டணும். சளி கிருமியாலதான் வரும், வீட்டுக்கு வர்ற ஆளுங்க இருமிக்கிட்டே பிள்ளைய கொஞ்சுறதுலேர்ந்துதான் வரும்.

மேல் வீட்டுல ட்ரில் போடறாங்க, கீழ ரோட்டுல மோட்டார், எப்படி தூங்கும்?

முதல் ரெண்டு மாசம் பெரும்பாலும் எந்த சத்தத்துலயும் தூங்கும், வெளிச்சத்துலயும் தூங்கும். அந்த வயசுல பகல் வெளிச்சம் நல்லதுதான், பகல் எது ராத்திரி எதுன்னு உடம்பு கத்துக்க அதுவும் உதவும். 3 மாசத்துக்கு மேல உலகத்த வேடிக்க பாக்க ஆரம்பிச்சிடும், அப்ப ஜன்னல மறைங்க, காத்தாடி சத்தம் மாதிரி ஒரே சீரான சத்தம் இருந்தா வெளி சத்தம் அமுங்கும். கைப்பேசியில போட்டா பிள்ளை காதுகிட்ட வைக்காதீங்க, குறைஞ்சது 2 மீட்டர் தள்ளி, மெதுவா. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கம் உக்கார வேணாம், வெளியில எடுத்துட்டு வந்துடுங்க.

சரியா அரை மணியில முழிச்சிக்குது!

5, 6 மாசம் வரைக்கும் இது நார்மல். பிள்ளையோட ஒரு தூக்கச் சுற்று 40, 50 நிமிஷம்தான், அது முடியறப்ப லேசா முழிக்கும், அடுத்த சுற்றுக்கு தாவ இன்னும் தெரியாது. முனகின உடனே ஓடி போயி தூக்காதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் நில்லுங்க, பாதி நேரம் கண்ணு மூடிக்கிட்டேதான் முனகும், நாம தூக்கித்தான் எழுப்பி விட்டுடுறோம். முழிச்சே போச்சின்னா விட்டுடுங்க, ஒரு மணி நேரம் போராடி திரும்ப தூங்க வைக்கிறதுல யாருக்கும் லாபம் இல்ல, அடுத்த தூக்கத்த கொஞ்சம் முன்னாடி வெச்சிக்கோங்க. 4 மாசம் வாக்குல நல்லா தூங்கிக்கிட்டிருந்த பிள்ளைகூட திடீர்னு மோசமாகும், தூக்க முறை பெரியவங்க மாதிரி மாறுற சமயம் அது. ரெண்டு, மூணு, 5 மாசத்துல ஊசி போட்ட அன்னிக்கும் மறுநாளும் எந்த கணக்கும் ஒத்து வராது, அன்னிக்கு பிள்ளை கேட்டபடி விடுங்க.

எண்ணெய் தேச்சி குளிப்பாட்டினா நல்லா தூங்குமே, சாம்பிராணி காட்டலாமா? கிரைப் வாட்டர்?

குளியல் அருமையான வழி, பத்தியத்துல குளிப்பாட்ட வர்ற அம்மா கை பட்ட பிறகு பிள்ளை தூங்குற தூக்கமே தனி. முழிச்சி அரை மணியில குளிப்பாட்டி, பால் குடுத்து, உடனே படுக்க வைங்க, நேரத்த தள்ளினா அந்த பலன் போயிடும். மூக்குலயும் காதுலயும் எண்ணெய் ஊத்த வேணாம். சாம்பிராணி புகைக்கு மேல பிள்ளைய பிடிக்காதீங்க, அந்த நுரையீரலுக்கு எந்த புகையும் புகைதான், தலை காய துண்டால ஒத்தி எடுத்தா போதும்.

6 மாசத்துக்கு கீழ தாய்ப்பால் இல்ல பால் மாவு, வேற எதுவும் வேணாம். கிரைப் வாட்டர் தூக்க மருந்து இல்ல. போத்தல்ல சீரியல் கலந்தா நீட்டா தூங்கும்னு சொல்றாங்க, தூங்காது, தொண்டைல அடைக்கும். தேன் ஒரு வயசுக்கு கீழ நாக்குல தடவக்கூட கூடாது, போட்டுலிசம்ங்கற விஷ நோய் வரும். சளி மருந்த தூங்கறதுக்காக குடுக்கிறது ரொம்ப தப்பு.

காடியில மட்டும்தான் தூங்குது.

ஓட்டத்துல தூங்கினா பரவால்ல. சைல்ட் சீட் 2020 ஜனவரி 1-லேர்ந்து இங்க கட்டாயம், எப்படியும் அதுலதான் இருக்கும். வீடு வந்த உடனே எடுத்து தட்டையான படுக்கையில போடுங்க, சீட்டோட தூக்கிட்டு வந்து ஹால்ல வெச்சி தூங்க விட்டா தாடை மடங்குற அதே பிரச்சனை. பூட்டின காடியில பிள்ளைய விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட எறங்காதீங்க, கடைக்கு சும்மா ஒரு சாமான் வாங்கத்தான்னாலும் வேணாம். ஓட்டிக்கிட்டே தூங்க வைக்கிறத தெனசரி பழக்கமா ஆக்கிடாதீங்க, நீங்களே தூக்கம் கெட்டு ஓட்டுறீங்க.

98 நாள் பிரசவ லீவ் முடிஞ்சி வேலைக்கு போறேன், பேபிசிட்டர்கிட்ட என்ன சொல்லணும்?

2023 ஜனவரியிலேர்ந்து 60 நாள் லீவ் 98 நாளாச்சு, நல்ல விஷயம், ஆனா 98 நாள்னா 14 வாரம், தூக்கம் மாறப்போற சமயத்துலதான் விட்டுட்டு போறோம். ஒரு வாரம் முன்னாடியிலேர்ந்து தெனமும் கொஞ்ச நேரம் அங்க விட்டு ஒரு தூக்கம் தூங்க வெச்சி பழக்குங்க, அம்மா வாசம் உள்ள துணிய பேபிசிட்டர் தோள்ல போட்டுக்கலாம், பிள்ளை பக்கத்துல படுக்கையில வைக்க வேணாம்.

கேக்க வேண்டிய கேள்விய வெக்கப்படாம கேளுங்க. எங்க படுக்க வைப்பீங்க, மல்லாக்கதானே, தூங்குறப்ப யாரு பாப்பாங்க, போத்தல கையில பிடிச்சித்தானே குடுப்பீங்க. தங்கமான அக்காவா இருக்கலாம், இருந்தாலும் கேளுங்க, நல்லவங்க கோவிச்சிக்க மாட்டாங்க. 4 வயசுக்கு கீழ உள்ள வெளிப் பிள்ளைங்க 4 பேரோ அதுக்கு மேலயோ பாத்தா 1984-ஆம் வருஷ சட்டப்படி சமூகநலத்துறையில பதிஞ்சிருக்கணும், தஸ்கான்னா (பிள்ளை பராமரிப்பு நிலையம்) அந்த சான்றிதழ காட்ட சொல்லுங்க. தெனமும் முழிச்ச நேரம், தூங்கின நேரத்த மட்டும் வாட்ஸ்அப்ல போட சொன்னா சாயந்தரம் பிள்ளைய எடுக்கறப்ப அழுகை எதனாலன்னு உங்களுக்கு தெரிஞ்சிடும்.

ரொம்ப தூங்குது, பாலுக்கு எழுப்பணுமா?

முதல் ரெண்டு வாரம், பிறந்த எடை திரும்ப வர்ற வரைக்கும், பகல்ல 3 மணி நேரத்துக்கு மேல விடாம எழுப்பி குடுங்க. கண்ணு, தோல் மஞ்சளா இருந்து, எழுப்பினாலும் சொணங்கி சொணங்கி தூங்கி பால் குடிக்கலன்னா வெயில்ல காட்டிக்கிட்டு காத்திருக்காதீங்க, அன்னிக்கே கிளினிக்ல மஞ்சள் காமாலை டெஸ்ட் எடுங்க. 3 மாசத்துக்கு கீழ 38 டிகிரி காய்ச்சல் அடிச்சா, மூச்சு வாங்கினா, உதடு நீலமானா, துவண்டு போனா, நேரா ஆஸ்பத்திரிக்கு.

எனக்கு பொறுமையே போயிடுது, அழுகைய கேட்டா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருக்கு.

பிள்ளைய மல்லாக்க பத்திரமா படுக்கையில போட்டுட்டு கதவ சாத்திட்டு வெளிய வாங்க, அஞ்சு பத்து நிமிஷம் தண்ணி குடிச்சி மூச்சு விடுங்க. அழறதால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, கோவத்துல உலுக்கினா மூளைக்கே சேதம். நீங்க கெட்ட அம்மா இல்ல. பிள்ளை தூங்குறப்பவும் உங்களுக்கு தூக்கம் வரல, எப்பவும் அழுகை, பிள்ளை மேல பாசமே வரலன்னு ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா கிளினிக்ல மறைக்காம சொல்லுங்க, அது பிரசவத்துக்கு பிறகு வர்ற நோய், அதுக்கு மருந்தும் ஆளும் இருக்கு. சுகாதார அமைச்சோட மனநல உதவி எண், ஹீல் லைன் 15555-க்கும் அடிக்கலாம். வீட்டுக்காரருங்களுக்கும் சொல்றேன், ஞாயித்துக்கிழமை ஒரு தூக்கத்த முழுசா நீங்க பாத்துக்கோங்க, எடுக்கறதுலேர்ந்து போடறது வரைக்கும்.

எப்பதான் ஒழுங்கான நேரத்துக்கு வரும்?

3 மாசத்துக்கு முன்னாடி டைம்டேபிள் போடாதீங்க, வராது. 4 மாசத்துல நாளைக்கு 4 தூக்கம், 6 மாசம் வாக்குல 3, 8, 9 மாசத்துல 2-ன்னு பெரும்பாலும் தானா அமையும், மொதல்ல காலைத் தூக்கம்தான் நேரத்துக்கு வரும். சாயந்தரத் தூக்கம்தான் கடைசியா அடங்கும், பாதி நாள் நடக்காது, நடக்கலன்னா ராத்திரி அரை மணி முன்னாடியே படுக்க போட்டுடுங்க.